கண்ணாடி போடுகிறவர்களுக்கு வி.ஆர். ஹெட்செட்: சேலத்தில் உள்லென்ஸ் செய்து தருபவர்கள் உண்டா?

நாலுரோடு_நவீன் | வெள்ளி, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் இருக்கும் அத்தை பையன் புது ஹெட்செட் வாங்கியதால் அவனுடைய பழைய குவெஸ்ட் 3 (மெட்டா கம்பெனியின் வி.ஆர். ஹெட்செட், முகத்தில் மாட்டி முப்பரிமாணக் காட்சி பார்க்கும் கருவி) என் கைக்கு வந்திருக்கிறது. பொருள் நன்றாக இருக்கிறது, சிக்கல் என் கண்ணில்தான். வலது மைனஸ் 3.25. இடது மைனஸ் 2.75, அதோடு சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் உள்ள குறை) மைனஸ் 1.25, ஆக்ஸிஸ் (அந்தத் திசையின் கோணம்) 20. என் ஃபிரேம் கொஞ்சம் அகலம். ஹெட்செட்டை மாட்டினால் பொட்டில் அழுத்துகிறது, கழற்றினால் கண்ணாடியும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் மெனு எழுத்துகள் கலங்கலாக இருக்கின்றன.

காண்டாக்ட் லென்ஸுக்குப் போகலாமா, இல்லை ஹெட்செட்டுக்குள்ளேயே பவர் லென்ஸ் பொருத்துகிறார்களாமே, அது நம்ம ஊரில் கிடைக்குமா?

இன்னொன்று. அப்பாவுக்கு 56 வயது, செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, கிட்டத்துக்கு மட்டும் பிளஸ் 2.25 போடுகிறார். கொலுசு டிசைனை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கலாம் என்று சொன்னதிலிருந்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் அந்தப் படிக்கிற கண்ணாடியோடு மாட்ட வேண்டுமா?

ஜவ்வரிசி_ராஜா | வெள்ளி, இரவு 10:31

தம்பி, திரை கண்ணுக்கு ரெண்டு இன்ச் பக்கத்தில்தான் இருக்கு. உங்களுக்குக் கிட்டப்பார்வை. கிட்டத்தில் இருப்பது உங்களுக்குத்தான் எங்களைவிட நல்லாத் தெரியணும். கண்ணாடி எதுக்கு? லென்ஸில் விரல் ரேகை பட்டிருக்கும், துடைச்சுப் பாருங்க.

நாலுரோடு_நவீன் | வெள்ளி, இரவு 10:34

துடைத்தாயிற்று அண்ணா. அப்படியேதான் இருக்கிறது.

அஸ்தம்பட்டி_ஆப்டோ | வெள்ளி, இரவு 11:05

நான் ஆப்டோமெட்ரி படித்தவன், கண்ணாடிக் கடையில் வேலை. ராஜா சொன்னதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

திரை இரண்டு அங்குலத்தில் இருப்பது உண்மை. ஆனால் நடுவில் ஒரு குவிலென்ஸ் இருக்கிறதே. அது இல்லாவிட்டால் இருபது வயதுக் கண்ணால்கூட அவ்வளவு பக்கத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. திரையிலிருந்து விரிந்து வரும் ஒளியை அந்த லென்ஸ் மடக்கி, ஒன்றரை இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து வருவது போல ஆக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது அந்தத் தூரம்தான். பெரும்பாலான ஹெட்செட்களில் இது மாறாத தூரம். உள்ளே மலை தெரிந்தாலும் சரி, மூக்குக்கு முன்னால் பட்டாம்பூச்சி பறந்தாலும் சரி, ஃபோகஸ் அதே இடத்தில்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நில்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரை அதில் பாருங்கள். முகக்கண்ணாடி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் காலண்டர் மங்கலாகத்தான் தெரியும். ஒளி எவ்வளவு தூரம் வந்தது என்பதுதான் கண்ணுக்குக் கணக்கு.

நவீனுக்கு: மைனஸ் 3.25 என்றால் கண்ணாடி இல்லாமல் தெளிவு கிடைக்கும் கடைசி எல்லை சுமார் 31 சென்டிமீட்டர். ஹெட்செட் படம் அதைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிறது. ஆகவே பவர் கட்டாயம் வேண்டும். டயாப்டர் என்பது பவரின் அலகு, ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுத்தால் வரும். 2 மீட்டர் தூரத்துக்கு அரை டயாப்டர் என்று கணக்கு. மைனஸ் 0.5, 0.75 என்று இருப்பவர்கள் மட்டும் வெறுங்கண்ணால் சமாளித்துவிடலாம், அதுவும் சிலிண்டர் இல்லாவிட்டால்.

ஜவ்வரிசி_ராஜா | வெள்ளி, இரவு 11:20

காலண்டர் சோதனை செஞ்சேன். சரி. ஆனா ஒரு கேள்வி இருக்கு சார். எங்க வீட்டில் போனைச் செருகிப் பார்க்கிற டப்பா ஹெட்செட் இருக்கு, மேலே திருகு சக்கரம் வெச்சது. என் பவர் மைனஸ் 2. அதில் கண்ணாடி இல்லாமலே படம் பளிச்னு தெரியுதே, அது எப்படி?

அஸ்தம்பட்டி_ஆப்டோ | வெள்ளி, இரவு 11:42

நல்ல கேள்வி. பதில் அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது. திருகும்போது லென்ஸுக்கும் போனுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. லென்ஸ் திரையை நெருங்கினால் படம் கண்ணுக்குக் கிட்டே வரும். 2 மீட்டரில் இருந்த படத்தை அரை மீட்டருக்கு இழுத்துவிட்டால் மைனஸ் 2 கண்ணுக்கு அது சரியாகப் பொருந்தும். சாம்சங்கின் கியர் வி.ஆரில் இதே ஏற்பாடு இருந்தது. ஹெச்டிசியின் வைவ் எக்ஸ்ஆர் எலைட்டில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக மைனஸ் 6 வரை திருகலாம்.

குவெஸ்டில் அந்த வசதி கிடையாது. இருந்தாலும் நவீனின் இடது கண்ணுக்குப் பாதி வேலைதான் நடக்கும். சக்கரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு பவரைத்தான் மாற்றும். சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் இருக்கும் குறை. அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

பனமரத்துப்பட்டி_பிரியா | சனி, காலை 7:50

நான் காண்டாக்ட் லென்ஸோடுதான் விளையாடுகிறேன். ஹெட்செட்டுக்கு இதைவிட வசதி எதுவுமில்லை, பார்வைப் பரப்பு குறையாது, கீறல் பயமில்லை. சிலிண்டருக்கு டோரிக் லென்ஸ் என்று தனியாக இருக்கிறது நவீன், உங்கள் 1.25க்குக் கிடைக்கும்.

ஆனால் காய்ச்சல் மாதிரி கண் எரியும் நாட்களும் உண்டு. விளையாட்டு மும்முரத்தில் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, சேலத்து சித்திரை வெயிலில் ஃபேன் காற்று வேறு. லென்ஸ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தினம் ஒன்று போட்டு எறிகிற வகைதான் எனக்கு ஒத்துவந்தது. லென்ஸை எக்காரணம் கொண்டும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்ற ஒரு செல் உயிரி கருவிழியில் புகுந்தால் பார்வையையே பறித்துவிடும். கல்லூரி விடுதியில் கழுவிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

ஹெட்செட்டுக்காக மட்டும் புதிதாக காண்டாக்ட் லென்ஸ் பழக வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். வெளியேயும் போட ஆசை இருந்தால் பழகுங்கள்.

காப்பித்தோட்டம் | சனி, காலை 9:15

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் வெயில் பிரச்சினை, எங்களுக்கு மூடுபனி. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் முகத்துச் சூடும் மூச்சும் பட்ட மாத்திரத்தில் குளிர்ந்த லென்ஸ் வெள்ளையாகிவிடும். உள்ளே கண்ணாடியும் போட்டிருந்தால் மொத்தம் நான்கு பரப்பு, எது மங்கியது என்றே தெரியாது. மாட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஆன் செய்து வைத்தால் பெட்டி தானாகவே சூடாகிவிடும், அப்புறம் பனி படியாது. காண்டாக்ட் போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

மழை மாதங்களில் கேமரா லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹெட்செட்டையும் நான் கேமராவோடு சேர்த்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில்தான் வைக்கிறேன்.

மட்டுறுத்துநர் | சனி, காலை 9:40

இழைக்குச் சம்பந்தமான ஒரு எச்சரிக்கை: லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி ஹெட்செட்டை ஜன்னலோரத்திலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள். நேர் வெயில் பட்டால் அந்த லென்ஸே பூதக்கண்ணாடியாகி உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். அதற்கு வாரண்டியும் கிடையாது. பவர் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடவும்.

நாலுரோடு_நவீன் | சனி, மதியம் 1:20

நன்றி. காண்டாக்ட் எனக்குச் சரிப்படாது, கண்ணில் விரல் வைப்பதை நினைத்தாலே கூசுகிறது. அப்பா விஷயம்?

அஸ்தம்பட்டி_ஆப்டோ | சனி, இரவு 9:30

அப்பாவுக்கு இருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் பார்ப்பதற்காகத் தடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவதுதான். பட்டறையில் சலங்கை மணி கோக்கும்போது பிளஸ் 2.25 அவருக்கு வேண்டும். ஹெட்செட்டுக்குள் அதை மாட்டினால் நேர்மாறாக ஆகிவிடும். அந்தக் கண்ணாடி 40, 45 சென்டிமீட்டருக்காகச் செய்தது, படமோ ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. கழற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உள்ளே தெரியும் கொலுசை அவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாலும் கண்ணாடி இல்லாமலே தெரியும். நிஜக் கொலுசில் அது நடக்காது. கண்கள் இரண்டும் கிட்டத்துப் பொருளைப் பார்க்க உள்நோக்கித் திரும்பும், ஆனால் ஃபோகஸ் மாத்திரம் அதே தூரத்தில் நிற்கும். இயற்கையில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கிற வேலைகள். ஹெட்செட்டில் பிரிந்துவிடுவதால்தான் சிறுவயதுக்காரர்கள் கிட்டத்துப் பொருளையே ரொம்ப நேரம் பார்த்தால் தலைவலிக்கிறது என்கிறார்கள். அப்பாவுக்கு ஃபோகஸ் மாற்றும் வேலையே முடிந்துபோனதால் அந்த இழுபறி அவ்வளவாகத் தெரியாது.

மெய்யனூர்_சங்கர் | சனி, இரவு 10:10

நீங்கள் சொல்வதில் ஒன்று இடிக்கிறது சார். ஆப்பிள் விஷன் ப்ரோவுக்கு ட்ஸைஸ் கம்பெனியின் உள்லென்ஸ் விற்கிறார்கள். பவர் லென்ஸ் 149 டாலர், படிக்கிற கண்ணாடிக்காரர்களுக்கென்று 99 டாலரில் தனியாக ஒன்று. ஹெட்செட்டுக்குள் படிக்கிற பவர் தேவையே இல்லை என்றால் அதை எதற்கு விற்கிறான்? காசு பிடுங்கவா?

அஸ்தம்பட்டி_ஆப்டோ | ஞாயிறு, காலை 8:25

காசு பிடுங்குகிறான் என்று சொல்லமாட்டேன். நான் 'கழற்றுங்கள்' என்றது முழு 2.25ஐ. கொஞ்சம்கூடத் தேவையில்லை என்று அர்த்தமில்லை.

கணக்கைப் பாருங்கள். 2 மீட்டருக்கு 0.5, ஒன்றரை மீட்டருக்கு 0.67, 1 மீட்டருக்கு 1 டயாப்டர். இளவயதுக் கண் இதைத் தானாகவே ஈடுகட்டிவிடும். முற்றிய வெள்ளெழுத்தால் முடியாது. மலை, மாளிகை எல்லாம் சரியாகத்தான் தெரியும், பொடி எழுத்தில் கொஞ்சம் மங்கல் இருக்கும். ஹெட்செட்டில் படத்தை எவ்வளவு கிட்டே வைத்திருக்கிறார்களோ அந்த அளவுக்கு மங்கல் கூடும். விஷன் ப்ரோ மாதிரி நாளெல்லாம் எழுத்து படிக்கிற கருவிக்கு அது முக்கியம். கண்ணாடியோடு மாட்ட முடியாத கருவி வேறு. நவீனின் அப்பாவுக்கு முதலில் வெறுங்கண்ணால் காட்டுங்கள். எழுத்து மங்கினால் பிளஸ் 0.5 போதும். 2.25 கூடவே கூடாது.

இதே காரணத்துக்காக, ஒரே லென்ஸில் தூரப் பவரும் கிட்டத்துப் பவரும் உள்ள புரோகிரெசிவ், பைஃபோகல் போடுகிறவர்களும் கவனியுங்கள். ஹெட்செட்டுக்குள் கீழே பார்த்தால் கிட்டத்துப் பவர் வழியாகத்தான் பார்ப்பீர்கள், தரை முழுக்க மங்கிவிடும். உள்லென்ஸ் செய்யும்போது உங்கள் தூரப் பவரை மட்டும் கொடுங்கள்.

சூரமங்கலம்_முப்பரிமாணம் | ஞாயிறு, காலை 11:00

நவீன், உள்லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், நிறைய கம்பெனிகள் செய்கிறார்கள். தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து பை காலியாகும். நம்மிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது. ஹெட்செட் லென்ஸைச் சுற்றிக் கவ்வுகிற வளையங்களின் வடிவக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வளையத்தை நான் அச்சடித்துத் தருகிறேன், லென்ஸை ஆப்டோ சார் கடையில் வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடிக்க வேண்டாம். அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், மே மாதம் ஐந்து ரோட்டில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளையம் கோணிக்கொள்ளும். பிஇடிஜி நல்லது. இரண்டாவது, அச்சு விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் ஹெட்செட் லென்ஸைக் கீறிவிடும். அது மிருதுவான பிளாஸ்டிக், கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டெல்லாம் சரிசெய்ய முடியாது. உப்புத்தாளில் தேய்த்து, படுகிற இடத்தில் மெல்லிய துணி டேப் ஒட்டித்தான் கொடுப்பேன்.

அம்மாப்பேட்டை_கார்த்தி | ஞாயிறு, மதியம் 12:15

அவசரப்படாதீர்கள் நவீன். நான் இதே வேலையைச் செய்து நொந்தவன். என் பவர் மைனஸ் 6, சிலிண்டரும் உண்டு. வளையம் அச்சடித்து ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். 'வட்டம்தானே, சுலபம்' என்று வாங்கிக்கொண்டார்கள். மாட்டிப் பார்த்தால் கதவு நிலை சாய்ந்து தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் கண்ணைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி வலி. திருப்பிக் கேட்டால் 'பவர் கரெக்ட், மெஷினில் வைத்துப் பாருங்கள்' என்கிறார்கள். மெஷினில் வைத்தால் பவர் சரியாகத்தான் காட்டுகிறது! பிறகு எங்கே தப்பு?

அஸ்தம்பட்டி_ஆப்டோ | ஞாயிறு, இரவு 9:05

கார்த்தி, உங்களுக்கு மூன்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, ஒருவேளை மூன்றும். மற்றவர்களும் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் எங்கள் கடைப்பழக்கமே இங்கே எதிரி.

முதலில் நடுப்புள்ளி. சாதாரணக் கண்ணாடி செய்யும்போது உங்கள் பி.டி.யை, அதாவது இரண்டு கருமணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, லென்ஸின் ஒளிமையத்தை ஃபிரேமின் நடுவிலிருந்து உள்ளே தள்ளி வைப்போம். கை தானாகவே அப்படிச் செய்யும். ஹெட்செட்டில் பி.டி.க்கு ஏற்ற இடத்துக்கு ஹெட்செட் லென்ஸே நகர்கிறது, வளையமும் அதோடு சேர்ந்து நகரும். ஆகவே வட்ட வளையத்தில் ஒளிமையம் சரியாக நடுவில் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டால்? விலகல் எத்தனை சென்டிமீட்டரோ அதைப் பவரால் பெருக்கினால் பிரிசம், அதாவது லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் அளவு கிடைக்கும். 0.4 பெருக்கல் 6, ஒரு கண்ணுக்கு 2.4 பிரிசம் டயாப்டர். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.8. கண்கள் இரண்டும் முழு நேரமும் அதை எதிர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வலிக்கு இதுவே போதுமான காரணம். மெஷினில் பவர் சரியாகக் காட்டும், ஏனென்றால் பவரில் தப்பே இல்லை.

அடுத்தது ஆக்ஸிஸ். ஃபிரேமுக்கு மேல் கீழ் உண்டு, லென்ஸ் அதற்குள் சுழலாது. வட்ட வளையத்தில் லென்ஸ் எந்தப் பக்கமும் சுழலும். மெஷினில் லென்ஸைப் பார்த்து மையால் மூன்று புள்ளி வைப்போம், அந்த மூன்றும் கிடைமட்டக் கோடு. வளையத்தில் இடமும் வலமும் இரண்டு சின்ன வெட்டுக்குறி இருந்தால் புள்ளிகளை அதோடு பொருத்தி, ஒரு சொட்டு பசை வைத்து நிறுத்திவிடலாம். சூரமங்கலம் நண்பரே, வளையத்தில் அந்தக் குறிகளைச் சேர்த்து அச்சடியுங்கள். சிலிண்டர் லென்ஸ் கொஞ்சம் சுழன்றாலும் கதவு நிலை சாய்ந்துதான் தெரியும்.

மூன்றாவது, எங்கள் ஆட்களே தடுமாறுகிற இடம். லென்ஸைப் புறம் மாற்றிப் போட்டால் ஆக்ஸிஸ் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திரும்பிவிடும். 20 என்பது 160 ஆகிவிடும். உள்லென்ஸில் எந்தப் பக்கம் கண்ணைப் பார்க்கிறது என்பது கையில் எடுத்துப் பார்த்தால் சட்டென்று விளங்காது. ஆகவே வளையத்தை மட்டும் கொடுக்காமல் ஹெட்செட்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். வெட்டுகிறவர் எதிரிலேயே மாட்டிக் காட்டுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். உள்லென்ஸ் கண்ணிலிருந்து சாதாரணக் கண்ணாடியைவிடச் சற்றுத் தள்ளி உட்காரும். 8 மில்லிமீட்டர் தள்ளினால் மைனஸ் 6 உள்ளவருக்குக் கணக்குப்படி மைனஸ் 6.3 வேண்டும். ஆனால் படம் 2 மீட்டரில் இருப்பதால் அரை டயாப்டர் கையிருப்பு இருக்கிறது, இரண்டும் கழிந்துவிடும். நவீன் மாதிரி மைனஸ் 3 ஆட்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சீட்டில் உள்ள பவரை அப்படியே போடுங்கள்.

புளூ கட், வெயிலில் கறுக்கிற லென்ஸ் என்று கடையில் விற்கப் பார்ப்பார்கள். எதுவும் வேண்டாம். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் மட்டும் கட்டாயம். திரை வெளிச்சம் லென்ஸ்களுக்கு இடையே பட்டுத் திரும்பிப் பேய் மாதிரி நிழல் தெரிவதை அது குறைக்கும். பவர் குறைவாக இருந்தால் மெல்லிசு லென்ஸுக்கும் காசு கொடுக்காதீர்கள். சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்கில் ஓரத்து நிறச்சிதறல் பாலிகார்பனேட்டைவிடக் குறைவு.

அம்மாப்பேட்டை_கார்த்தி | ஞாயிறு, இரவு 9:48

நடுப்புள்ளிதான். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டுமே மூக்குப் பக்கம் தள்ளியிருக்கிறது. அந்தக் கடைக்கு உங்கள் பதிலை அச்செடுத்துக் கொண்டுபோகப் போகிறேன்.

இருபதாவது_வளைவு | திங்கள், காலை 6:55

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பவரெல்லாம் எனக்கு இல்லை, 6/6. இருந்தும் ஹெட்செட் போட்டு ஓடுகிற விளையாட்டு ஆடினால் குமட்டுகிறது. ஏற்காடு பஸ்ஸிலும் எனக்கு இதே கதி, ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடுவேன். கண் டாக்டரிடம் போக வேண்டுமா?

காப்பித்தோட்டம் | திங்கள், காலை 7:30

பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஏற்காடு மலைப்பாதையின் இருபது வளைவையும் தாண்டி வந்தவர்தானே நீங்கள்!

உடம்பின் அசைவை உணர்வது உள்காது. பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் பார்த்தால், காது திரும்புகிறோம் என்கிறது, கண் இல்லை என்கிறது. ஹெட்செட்டில் தலைகீழ், கண் ஓடுகிறது, காது சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மூளை எடுக்கிற முடிவு ஒன்றுதான், வாந்தி. அமைப்புகளில் நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிற முறையைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து ஆடுங்கள். குமட்டல் லேசாக ஆரம்பித்ததுமே கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்றைக்கு முழுக்கத் தலை சுற்றும்.

அஸ்தம்பட்டி_ஆப்டோ | திங்கள், காலை 8:10

அதோடு பி.டி.யையும் ஒருமுறை சரிபாருங்கள். குவெஸ்ட் 2இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைதான். குவெஸ்ட் 3இல் கீழே உள்ள சக்கரத்தைத் திருகி இடைப்பட்ட அளவுக்கும் வைக்கலாம். வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் நிறையப் பேர். சீட்டில் பி.டி. எழுதியிருக்க மாட்டார்கள், கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள்.

கன்னங்குறிச்சி_கவி | திங்கள், இரவு 8:40

சார், என் அக்கா பையனுக்கு எட்டு வயது. என் ஹெட்செட்டைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தான். எல்லோரும் 'ஆ' என்று கை நீட்டிப் பிடிக்கப் போகிற காட்சியில் அவன் சும்மா இருந்தான். 'டிவி மாதிரிதான இருக்கு சித்தி' என்கிறான். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். இடதை மூடினால் வித்தியாசமே இல்லையாம். வலதை மூடினால் அழுகிற முகம். பள்ளிக்கூடத்தில் எழுதுவது படிப்பது எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறான்.

அஸ்தம்பட்டி_ஆப்டோ | திங்கள், இரவு 8:52

கவி மேடம், ஹெட்செட்டை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே பையனைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கடைக்கு வேண்டாம், சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்க வேண்டும். நம்ம ஊர் அரவிந்திலேயே பார்க்கலாம். இடது கண்ணில் பவர் அதிகமாக இருந்து அது சோம்பேறிக் கண்ணாக (மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டதால் பார்வை வளராத கண்) ஆகியிருக்கலாம். ஒரு கண் நன்றாக இருப்பதால் குழந்தைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் ஆழம் தெரியும்.

பொதுவாக எட்டு வயதுக்கு ஹெட்செட் கொடுக்காதீர்கள். மெட்டா முன்பு 13 என்று வைத்திருந்த வயது வரம்பை 2023இல் 10 ஆக்கியது, அதுவும் பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்குக்கு. குழந்தைகளின் பி.டி. பெரும்பாலும் இந்தக் கருவிகளின் கீழ் எல்லையைவிடக் குறைவு.

கன்னங்குறிச்சி_கவி | அடுத்த திங்கள், மாலை 6:15

போய் வந்தோம். இடது கண் பிளஸ் 4, வலது கண்ணில் ஒன்றுமில்லை. கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் போட்டபின் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடச் சொல்வார்களாம். அக்கா ரொம்ப அழுதாள், டாக்டர்தான் எட்டு வயதில் நல்ல பலன் கிடைக்கும் என்று தேற்றினார். ஹெட்செட்டாலா வந்தது என்று அத்தான் என்னிடம் சண்டைக்கு வந்தார், இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

மெய்யனூர்_சங்கர் | அடுத்த திங்கள், இரவு 9:00

ஹெட்செட்டை வைத்தே சோம்பேறிக் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் தெரியுமா? லுமினோபியா என்ற சிகிச்சைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி கொடுத்தது. வீடியோவை இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு மாதிரி மாற்றிக் காட்டி, பலவீனமான கண்ணையும் வேலை வாங்குகிறார்கள்.

அஸ்தம்பட்டி_ஆப்டோ | அடுத்த திங்கள், இரவு 9:20

உண்மை. ஆனால் அது மருத்துவர் எழுதிக் கொடுத்துச் செய்கிற சிகிச்சை, அதற்கென்று தயாரித்த மென்பொருள். கடையில் வாங்கிய விளையாட்டை ஆடினால் அந்தப் பலன் வராது. இப்போதைக்கு டாக்டர் சொன்னபடி கண்ணாடியும் ஒட்டுதலும் நடக்கட்டும். ஒட்டும்போது பையன் பிடுங்கிப் போடுவான், விடாதீர்கள்.

நாலுரோடு_நவீன் | அடுத்த புதன், இரவு 10:30

அப்பா வெறுங்கண்ணாலேயே பார்த்தார். கொலுசின் திருகாணியைப் பெரிதாக்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, 'இதில் பற்றவைப்பு எங்கே வரும், வரைந்தவனுக்குத் தெரியுமா' என்று கேட்டார். எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல் என்கிறார், அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை.

சூரமங்கலம் அண்ணா, என் வளையம் எப்போது கிடைக்கும்? அதுவரை ஹெட்செட்டுக்குள் முகப்பட்டையைக் கடைசிப் படிக்குத் தள்ளி வைத்துக் கண்ணாடியோடு ஓட்டுகிறேன். பார்வைப் பரப்பு சுருங்குகிறது, ஆனால் லென்ஸில் இடிக்கவில்லை.

சூரமங்கலம்_முப்பரிமாணம் | அடுத்த புதன், இரவு 10:41

வெட்டுக்குறி வைத்து பிஇடிஜியில் அடித்தாயிற்று. இடது வலது எழுத்தும் பொறித்திருக்கிறேன், கண் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியும் உண்டு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாங்க. கார்த்திக்கும் ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி_ஆப்டோ | அடுத்த புதன், இரவு 10:55

சனிக்கிழமை மாலை நான் கடையில் இருப்பேன். ஹெட்செட்டையும் சார்ஜ் ஏற்றி எடுத்து வாருங்கள். கார்த்தி, உங்கள் பழைய லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். விட்டம் இடம் கொடுத்தால் மையத்தை நகர்த்தி மறுபடி வெட்டிப் பார்ப்போம்.